பெயர் ஒன்றே, வந்த இடம் வேறு!



உங்களுக்குத் தெரிந்த ஓர் இயற்பியல் கேள்வியுடன் தொடங்குவோம். ஒரு சிறிய மின்விளக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் ஓர் ஒளி உணர்வியை வைத்து ஒளிச்செறிவை அளக்கிறோம். பிறகு உணர்வியை 60 செ.மீ. தொலைவுக்கு நகர்த்துகிறோம். அளவு எவ்வளவு குறையும்? தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்று உடனே சொல்லியிருப்பீர்கள். சரிதான். ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது விதி.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவர் தம்முடைய செயல்திட்டத்துக்காக இந்த விதியைச் சோதித்துக் கொண்டிருந்தார். உணர்வி ஓர் இணைப்புப் பெட்டி வழியாகக் கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டிருந்தது. அளவுகளை வாங்கித் திரையில் காட்டும் நிரலை அவரே எழுதியிருந்தார். முதல் நாள் 20 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை அளந்தார். மறுநாள் அந்தக் கணிப்பொறியில் வேறொரு குழுவினர் உட்கார்ந்துவிட்டார்கள். எனவே பக்கத்து மேசைக் கணிப்பொறிக்கு மாறி, 70 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை அளந்தார். சரிபார்ப்பதற்காக 30 செ.மீ. அளவையும் மறுபடி எடுத்துக்கொண்டார்.

வரைபடத்தில் ஒரே நேர்கோடு வந்திருக்க வேண்டும். வந்தவை இரண்டு கோடுகள்! மறுநாள் 30 செ.மீ. தொலைவில் கிடைத்த அளவு, முதல் நாள் 60 செ.மீ. தொலைவில் கிடைத்த அளவாகவே இருந்தது. சரியாக நான்கில் ஒரு பங்கு.

இயற்பியல் ஆசிரியருக்கு இதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும்? "தம்பி, 60-இல் வைத்து அளந்துவிட்டு 30 என்று எழுதியிருக்கிறாய்" என்றேன். "இல்லை சார், சரியாகத்தான் வைத்தேன்" என்றார். திரும்ப அளக்கச் சொன்னேன். அதே விடை. செயல்திட்டத்தை ஒப்படைக்க மூன்று நாள்களே இருந்தன. அளக்காமலேயே எழுதுகிறாரோ என்றுகூட நினைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடை கடைசியில் கணிப்பொறிக்குள், ஒரு கோப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதில் கிடைத்தது. அதைப் புரிந்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பார்ப்போம்.

பாயசத்துக்குப் பால் எங்கிருந்து?

கல்யாண வீட்டில் சமையற்காரர் எல்லாவற்றையும் தம் வீட்டிலிருந்தா கொண்டு வருகிறார்? அண்டாவும் குண்டாவும் வாடகைக் கடையிலிருந்து வருகின்றன. காய்கறி சந்தையிலிருந்து, பால் பால்காரரிடமிருந்து. சமையற்காரரிடம் இருப்பது கைப்பக்குவமும் ஒரு பட்டியலும்தான். நிரலும் இப்படித்தான். ஒரு நிரலை நீங்கள் இயக்கும்போது, அதன் பெயருள்ள ஒரு கோப்பு மட்டும் நினைவகத்துக்குள் வருவதில்லை. திரையில் எழுத, கோப்பைத் திறக்க, வர்க்கமூலம் காண, கருவிகளுடன் பேச என்று ஏற்கெனவே எழுதப்பட்ட ஆணைத்தொகுப்புகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன. இவற்றை நூலகங்கள் என்கிறோம். விண்டோஸில் இவை டி.எல்.எல். கோப்புகள், லினக்ஸில் எஸ்.ஓ. கோப்புகள். முதன்மை நிரலையும் அத்துடன் ஏற்றப்பட்ட ஒவ்வொரு நூலகத்தையும் பொதுவாக 'மாட்யூல்' என்பார்கள். மிக எளிய நிரலிலும் இரண்டு மூன்று மாட்யூல்கள் இருக்கும். ஓர் இணைய உலாவியில் நூற்றுக்கு மேல் போகும்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? நினைவகச் சிக்கனம் முதல் காரணம். 1985-இல் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பு ஓடுவதற்குக் குறைந்தது 256 கிலோபைட் நினைவகம் போதும் என்றார்கள். இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது! அத்தனை சிறிய இடத்தில் பத்து நிரல்களும் ஒரே ஆணைத்தொகுப்பின் பத்துப் பிரதிகளை வைத்துக்கொள்ள முடியுமா? ஒரு பிரதியை நினைவகத்தில் வைத்து எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்வதே வழி. இரண்டாவது காரணமும் உண்டு. நூலகத்தில் ஒரு தவறு இருந்தால் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் சரியாகிவிடும்.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. சமையற்காரரின் பட்டியலில் 'பால் 20 லிட்டர்' என்றுதான் இருக்கும். எந்தக் கடைப் பால் என்று இருக்காது. நிரலுக்குள்ளும் பெரும்பாலும் நூலகத்தின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதப்பட்டிருக்காது. இடத்தைத் தேடிப் பிடிப்பது 'லோடர்' எனப்படும் ஏற்றியின் வேலை.

விண்டோஸில் ஏற்றி தேடும் வழக்கமான வரிசை இது: முதலில் நிரல் இருக்கும் கோப்புறை. அடுத்து விண்டோஸின் அமைப்புக் கோப்புறைகள். பிறகு நடப்புக் கோப்புறை. கடைசியாக, 'பாத்' என்ற பட்டியலில் எழுதி வைக்கப்பட்டுள்ள கோப்புறைகள் ஒவ்வொன்றாக. (சில அடிப்படை நூலகங்களுக்கு மட்டும் இந்தத் தேடல் கிடையாது, அவை எப்போதும் அமைப்புக் கோப்புறையிலிருந்தே எடுக்கப்படும்.) லினக்ஸிலும் இப்படி ஒரு வரிசை உண்டு, இடங்கள்தான் வேறு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேட்ட பெயரில் முதலில் எந்தக் கோப்பு கண்ணில் படுகிறதோ, ஏற்றி அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். வரிசையில் அதற்குப் பின்னால் அதே பெயரில் புதிய பதிப்பு ஒன்று இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. உங்கள் ஊரில் முருகேசன் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். தெருவைக் குறிப்பிடாமல் "முருகேசனைக் கூட்டி வா" என்று ஒரு சிறுவனை அனுப்பினால், யார் முதலில் எதிர்ப்படுகிறாரோ அவரைத்தானே கூட்டி வருவான்?

இதைத் தீயவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது அது இருக்கும் கோப்புறையே சில நேரங்களில் நடப்புக் கோப்புறை ஆகிவிடும். அந்தக் கோப்புறையில், நிரல் தேடக்கூடிய பெயரில் ஒரு போலி நூலகத்தை வைத்துவிட்டால் போதும். நிரல் தானாகவே அதை உள்ளே அழைத்துக்கொள்ளும். பல நிரல்களில் இந்தக் குறை இருந்ததால் 2010-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதைப்பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது.

பூச்சி பிடிக்கும் கருவி

நிரலில் உள்ள தவறைப் 'பக்', அதாவது பூச்சி என்று சொல்வது வழக்கம். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணிப்பொறியின் ரிலே ஒன்றில் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். இந்தச் சொல் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் புழக்கத்தில் இருந்தது என்றாலும் கதை நன்றாக இருப்பதால் எல்லாரும் சொல்கிறோம்.

பூச்சியைத் தேட உதவும் நிரல்தான் 'டீபக்கர்'. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜி.டி.பி. என்பது லினக்ஸில் பெயர்பெற்றது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் விண்டிபக் இருக்கிறது. டீபக்கர் இன்னொரு நிரலைப் பிடித்து நிறுத்தி, அதன் நினைவகத்தை நமக்குப் பிரித்துக் காட்டும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எந்தெந்த மாட்யூல்கள் வந்திருக்கின்றன, அவை எங்கிருந்து வந்தன என்று டீபக்கருக்கு எப்படித் தெரியும்? இது சுவையான செய்தி. லினக்ஸில் ஏற்றி தான் ஏற்றிய ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதி நினைவகத்தில் வைக்கிறது. நூலகம் எங்கே பொருத்தப்பட்டது, அதன் கோப்புப் பெயர் பாதையுடன், அடுத்த குறிப்பு எங்கே இருக்கிறது, முந்தைய குறிப்பு எங்கே இருக்கிறது, இவ்வளவுதான். புதையல் வேட்டை விளையாட்டில் ஒவ்வொரு சீட்டிலும் அடுத்த சீட்டு இருக்கும் இடம் எழுதியிருக்குமே, அதைப் போல. டீபக்கர் முதல் சீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை போய்விடும்.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு புதிய நூலகம் வந்தால்? அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஏற்றிக்குள் எதுவுமே செய்யாத ஒரு வெற்றுச் செயற்கூறு உண்டு. சங்கிலி மாறும்போதெல்லாம் ஏற்றி அதை ஒருமுறை அழைக்கும். வெறுமையான ஒன்றை எதற்கு அழைக்க வேண்டும் என்கிறீர்களா? டீபக்கர் அந்த இடத்தில் ஒரு நிறுத்தப்புள்ளியை வைத்துக் காத்திருக்கிறது. ஏற்றி அங்கே கால் வைத்தவுடன் நிரல் நிற்கும். டீபக்கர் சங்கிலியை மறுபடி படித்துக்கொள்ளும். வாசலில் கட்டிய மணிபோல, யாராவது உள்ளே வந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அது இருக்கிறது.

விண்டோஸில் இயங்குதளமே டீபக்கருக்கு "இதோ ஒரு நூலகம் ஏறியது" என்று செய்தி அனுப்பிவிடும். அதோடு ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் ஒரு பதிவேடு உண்டு. அதில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தொடக்க முகவரி, அளவு, பெயர், முழுக் கோப்புப் பாதை ஆகியவை இருக்கும்.

சரி, டீபக்கரிடம் எப்படிக் கேட்பது? விண்டிபக்கில் 'எல்எம்' என்று தட்டினால் மாட்யூல்களின் பட்டியல் வரும். அதில் தொடக்க முகவரி, முடிவு முகவரி, பெயர் மட்டும் இருக்கும். 'எல்எம்எஃப்' என்று ஓர் எழுத்தைக் கூட்டித் தட்டினால் முழுப் பாதையும் வந்துவிடும். ஜி.டி.பி.யில் 'இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரி' என்று கேட்க வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவில் 'மாட்யூல்ஸ்' என்றே ஒரு சாளரம் இருக்கிறது. பெயர், பாதை, பதிப்பு, நேரம் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். (இந்தக் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.)

ஒரு கழித்தல் கணக்கு

பட்டியலால் என்ன பயன்? நிரல் ஒன்று திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10003240 என்ற முகவரியில் நின்றதாக டீபக்கர் சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்து நமக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. இப்போது மாட்யூல் பட்டியலைக் கேட்கிறோம்.

முதன்மை நிரல்: 00400000 முதல் 00412000 வரை
சென்சார் நூலகம்: 10000000 முதல் 10009000 வரை
அமைப்பு நூலகம்: 77400000 முதல் 77520000 வரை

நம் எண் இரண்டாவது வரிக்குள் அடங்குகிறது. எனவே தவறு நேர்ந்த இடம் சென்சார் நூலகத்துக்குள் இருக்கிறது. தொடக்கத்தைக் கழித்தால் 3240. அதாவது நூலகத்தின் வாசலிலிருந்து 3240 எட்டு வைத்தால் அந்த இடம். கணிப்பொறி இந்த எண்களைப் பதினாறடிமான முறையில் எழுதும். அதில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களாக வரும். உங்களுக்குக் குழப்பம் வேண்டாமென்று எழுத்து வராத எண்களாகப் பொறுக்கியிருக்கிறேன்.

கழிப்பது ஏன் முக்கியம்? அடுத்த முறை அதே நிரலை இயக்கினால் அது 62153240 என்ற முகவரியில் நிற்கக்கூடும். எண் முற்றிலும் வேறு! ஆனால் அந்த முறை நூலகம் 62150000-இல் தொடங்கியிருக்கும். கழித்துப் பாருங்கள், அதே 3240. நூலகங்களை ஒவ்வொரு முறையும் எதிர்பாராத இடத்தில் வைத்தால், ஊடுருவ நினைப்பவர்களுக்குக் குறி வைப்பது கடினமாகும். அதனால் லினக்ஸில் 2005-ஆம் ஆண்டு முதலும், விண்டோஸில் விஸ்டா பதிப்பு முதலும் இந்த இடமாற்றம் வழக்கமாகியிருக்கிறது. முகவரி ஓடும், தூரம் ஓடாது. கோப்புப் பாதையும் ஓடாது. ஆகவே நின்ற முகவரி, அது அடங்கும் மாட்யூல், அந்த மாட்யூல் வந்த கோப்பு என்று மூன்று படிகளில் குற்றவாளியின் வீட்டு வாசலுக்கே போய்விடலாம்.

ஆய்வகத்துக்குத் திரும்புவோம். எங்கள் மாணவரின் நிரல் எங்கும் நிற்கவில்லை, ஒழுங்காகவே ஓடியது. தவறான விடையை ஒழுங்காகச் சொன்னது! கணிப்பொறித் துறையில் உள்ள நண்பர் ஒருவரை அழைத்தேன். அவர் மின்விளக்கையோ அளவுகோலையோ பார்க்கவில்லை. இரண்டு கணிப்பொறிகளிலும் நிரலை ஓடவிட்டு, விண்டிபக்கை இணைத்து, மாட்யூல் பட்டியலைப் பாதையுடன் கேட்டார். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

முதல் கணிப்பொறி: சி:\ஒளி\சென்சார்.டிஎல்எல்
இரண்டாம் கணிப்பொறி: சி:\பழையகருவி\சென்சார்.டிஎல்எல்

பெயர் ஒன்றே, வந்த இடம் வேறு. நடந்தது இதுதான். மாணவர் முதல் கணிப்பொறியிலிருந்து தம் நிரலைப் பென் டிரைவில் எடுத்துச் சென்றபோது முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்துச் சென்றிருக்கிறார், நூலகத்தை விட்டுவிட்டார். இரண்டாம் கணிப்பொறியில் ஏற்றி, நிரல் இருந்த கோப்புறையில் தேடியது, இல்லை. அமைப்புக் கோப்புறைகளில் தேடியது, இல்லை. 'பாத்' பட்டியலில் பார்த்தது. அங்கே பல ஆண்டுகளுக்கு முன் யாரோ நிறுவி மறந்துபோன ஒரு மென்பொருளின் கோப்புறை இருந்தது. அதற்குள் அதே பெயரில் நூலகத்தின் பழைய பதிப்பு. ஏற்றி மகிழ்ச்சியுடன் அதை எடுத்துக்கொண்டது.

பழைய பதிப்பு இணைப்புப் பெட்டியை 10 பிட் முறையில் இயக்கியது. முழு அளவை 1024 படிகளாகப் பிரித்தது. புதிய பதிப்பு 12 பிட் முறையில் 4096 படிகளாகப் பிரிப்பது. மாணவரின் நிரலோ எது வந்தாலும் 4096-ஆல் வகுத்தது. 1024-ஐ 4096-ஆல் வகுத்தால் என்ன? நான்கில் ஒரு பங்கு! இருமடி எதிர்விகித விதியும் தற்செயலாக அதே எண்ணைத் தந்ததால் நான் விளக்கையும் அளவுகோலையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தப் பழைய நூலகம் அங்கே இல்லாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிரல் "சென்சார் நூலகத்தைக் காணவில்லை" என்று உடனே நின்றிருக்கும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

பாதை சரியாக இருந்தால் போதுமா?

போதாது. பால்காரர் வழக்கமானவர்தான், ஆனால் கேனில் இருப்பது பால்தானா என்ற கேள்வி இருக்கிறதல்லவா? 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெலாரஸ் நாட்டு வைரஸ் தடுப்பு நிறுவனம் ஒன்று 'ஸ்டக்ஸ்நெட்' என்ற தீநிரலைக் கண்டுபிடித்தது. அது ஈரானின் நடான்ஸ் நகரில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழற்கலங்களைக் குறி வைத்தது. அந்தச் சுழற்கலங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுடன் பேச, சீமென்ஸ் நிறுவனத்தின் ஸ்டெப் 7 என்ற மென்பொருள் பயன்பட்டது. அந்த மென்பொருள் கருவியுடன் பேசுவது ஒரு நூலகத்தின் வழியாக. அதன் பெயர் எஸ்-7-ஓ-டி-பி-எக்ஸ்-டி-எக்ஸ். ஸ்டக்ஸ்நெட் என்ன செய்தது தெரியுமா? அசல் நூலகத்தின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, கடைசியில் டி-எக்ஸ் என்றிருந்ததை எஸ்-எக்ஸ் ஆக்கியது. அசலின் பெயரைத் தன் போலிக்குச் சூட்டி, அதே இடத்தில் உட்கார வைத்தது.

அசல் நூலகம் 109 சேவைகளை வழங்கியது. போலி அவற்றில் 93-ஐத் தொடாமல் அப்படியே அசலுக்கு அனுப்பிவிட்டது. 16-ஐ மட்டும் தானே கவனித்துக்கொண்டது. கருவியில் உள்ள ஆணைகளைக் காட்டு என்று பொறியாளர் கேட்டால், தான் செருகிய ஆணைகளை மறைத்துவிட்டு மற்றவற்றைக் காட்டியது. இங்கே மாட்யூல் பட்டியலில் பெயரும் சரி, பாதையும் சரி. ஆனால் 93 சேவைகளுக்கு அசலையே நம்பியிருப்பதால் அசலும் நினைவகத்துக்குள் ஏறியாக வேண்டும். இருக்கக்கூடாத ஒரு பெயர் பட்டியலில் கூடுதலாக நிற்கும். கோப்பின் பதிப்பு, உருவாக்கப்பட்ட நேரம், சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றை ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரிந்துவிடும். விண்டிபக்கில் 'எல்எம் வி எம்' என்று தட்டி மாட்யூலின் பெயரையும் கொடுத்தால் இந்த விவரங்கள் வரும். பாதையோடு நின்றுவிடாமல் இவற்றையும் படிக்கும் பழக்கம் நல்லது.

பதிவேட்டையே திருத்திவிடும் தீநிரல்களும் இருக்கின்றன; சில தம் பெயரை அதில் எழுதவே விடுவதில்லை. அதனால்தான் புலனாய்வு செய்பவர்கள் அந்தப் பதிவேட்டை இயங்குதளம் தனியே வைத்திருக்கும் நினைவக வரைபடத்துடன் ஒப்பிடுகிறார்கள். வரைபடத்தில் ஆள் இருக்கிறார், பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் அங்கேதான் ஐயம்.

இன்னொரு வேடிக்கை லினக்ஸில் உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலகக் கோப்பை நீக்கிவிட்டு அதே பாதையில் புதியதை வைக்கலாம். ஓடும் நிரல் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்! வெளியே கோப்புறையில் பார்த்தால் புதியது; உள்ளே நினைவகத்தில் பழையது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நூலகத்தில் வெளிப்பட்டது. திருத்திய நூலகத்தை உடனே நிறுவியவர்கள்கூட, ஓடிக்கொண்டிருந்த சேவை நிரல்களை நிறுத்தி மறுபடி தொடங்காதவரை ஓட்டையோடுதான் இருந்தார்கள். நினைவக வரைபடத்தில் அத்தகைய நூலகத்தின் பாதைக்குப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று பொருள்படும் 'டெலீட்டட்' என்ற சொல் வரும். அதைத் தேடித்தான் எந்தெந்த நிரல்களை மறுபடி தொடங்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு டீபக்கர்கூட வேண்டாம். உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ லினக்ஸ் கணிப்பொறி இருந்தால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'கேட்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, '/ப்ராக்/செல்ஃப்/மேப்ஸ்' என்று தட்டுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். 'கேட்' ஒரு சின்னஞ்சிறு நிரல். ஒரு கோப்பைத் திரையில் காட்டுவதுதான் அதன் வேலை. இங்கே அதன் கையில் அதனுடைய நினைவக வரைபடத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போல!

ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் தொடக்க, முடிவு முகவரிகள் இருக்கும். அடுத்து, அந்த இடத்தைப் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற அனுமதி. வலக்கோடியில் கோப்பின் பாதை. ஒரே நூலகம் பல வரிகளில் வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அதன் ஆணைகளுக்கும் தரவுகளுக்கும் அனுமதி வேறு வேறு என்பதால் துண்டு துண்டாக வரும். சில வரிகளில் பாதை இருக்காது. அவை எந்தக் கோப்பிலிருந்தும் வராமல் நிரல் தனக்காகக் கேட்டு வாங்கிய இடங்கள். வரைபடத்தைக் குறித்துக்கொண்டு, அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிடுங்கள்.

எங்கள் மாணவரின் அளவுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். அவரிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். இரண்டாம் நாள் அளவுகளை வீசிவிட வேண்டாம், நான்கால் பெருக்கிப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். பெருக்கி வரைபடத்தில் குறித்தோம். 30 செ.மீ. புள்ளி முதல் நாள் புள்ளியின் மேலேயே போய் உட்கார்ந்தது. 70 செ.மீ.க்கு அப்பால் உள்ள புள்ளிகளும் அதே கோட்டை ஒட்டி வந்தன. ஆனால் கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக நின்றன. தொலைவில் ஒளி குறைவு. பழைய நூலகத்தின் ஒவ்வொரு படியும் புதியதன் நான்கு படிகளுக்குச் சமம். மங்கிய ஒளியை அவ்வளவு பெரிய படிகளால் அளந்தால் புள்ளிகள் அப்படித்தான் தள்ளாடும்.